மஞ்சள் விளக்கின் உள்நோக்கம்

பிச்சைமுத்துவின் காரில் முகப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை இறங்கிப் போய்க் கண்ணாடியில் கையை வைத்துச் சூடு பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படி ஒரு விளக்கோடு அவர் தினமும் கல்வராயன் மலை ஏறிக்கொண்டிருந்தார்.

இருபது வருஷம் கரும்பு லாரி ஓட்டி இடுப்பு விட்டுப்போன பிறகு, யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு வாடகைக் காரை வாங்கியிருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் மூன்று டீச்சர்களைக் காலை ஆறரைக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார், சாயங்காலம் கூட்டிவருவார். வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த ஒரு சவாரியால்தான். மனைவி ராஜாம்பாள் கரும்பு வெட்டப் போவாள்; அது வெட்டு இருக்கிற மாதங்களுக்கு மட்டும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் மலைப்பாதையில் மேகம் எழுந்து போகாது. ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். அப்படி ஒரு காலையில் ஆறாவது வளைவில் ஒரு பசு, வருகிற கார் எப்படியும் நிற்கும் என்ற நம்பிக்கையோடு நடுரோட்டில் நின்றிருந்தது. கார் நின்றது. பம்பருக்கும் பசுவின் வயிற்றுக்கும் நடுவே ஒரு வாழையிலை நுழைகிற இடம்தான் மிச்சம் இருந்தது. டீச்சர்களில் மூத்தவரான நிர்மலா, கீழே உருண்ட சாப்பாட்டு டப்பாவைத் தேடி எடுத்துத் துடைத்துவிட்டு, அடுத்த வாரத்துக்குள் விளக்கு மாறாவிட்டால் தாங்கள் மூவரும் பஸ்ஸில் போய்க்கொள்வதாக நிதானமாகச் சொன்னார். நிர்மலா டீச்சர் நிதானமாகச் சொன்னால் அது முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கே பிச்சைமுத்து கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் தங்கதுரையின் கடைக்குப் போனார். தங்கதுரை நான்கு வண்டி பல்புகளைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். எது வெளிச்சம் ஜாஸ்தி என்று பிச்சைமுத்து கேட்டார். எல்லோரும் கேட்கிற தப்பான கேள்வி அதுதான் என்பதுபோல் தங்கதுரை சிரித்தார்.

“அண்ணே, அட்டையில கெல்வின்னு ஒரு நம்பர் போட்டிருப்பான். நம்பர் ஏற ஏற வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சிக்கினு வாங்கினு போறாங்க. அது வெளிச்சம் இல்லண்ணே, நெறம். மூவாயிரம்னா மஞ்சள். ஆறாயிரம்னா பால் வெள்ளை. எட்டாயிரம்னா நீலம், அது பாக்கத்தான் ஷோக்கா இருக்கும். நீங்க போறது மேகத்துக்குள்ள. வெள்ளை போட்டா மேகத்துல பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வந்துரும்.”

வாட்டு கூடுதலாகப் போட்டால் ஹோல்டர் உருகிவிடும் என்றும் எச்சரித்தார். கம்பெனி வாட்டிலேயே மஞ்சள் பல்பு இரண்டு போட்டு, பழுப்பேறிய கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்து, காரைக் கடைச் சுவருக்கு நேரே நிறுத்தி, எதிரே வருகிறவன் மூஞ்சியில் அடிக்காதபடி திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கியும் விட்டார்.

மறுநாள் மலையில் ரோடு தெரிந்தது. ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது. அதுவரை அப்படி ஒரு கோடு இருப்பதே பிச்சைமுத்துவுக்குத் தெரியாது. பின்சீட்டில் டீச்சர்கள் பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். இந்தச் சுகம் இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள், கோமுகி அணை தாண்டி மலையடிவாரத்தில் காரை ஒரு சிவப்புக் கொடி மறித்தது.

அங்கே பழைய புளிக் கிடங்கு ஒன்று உண்டு. அதில் நான்கு வருஷமாக ‘மலைச்சாலை ஒளிக் கண்காணிப்பு அலகு’ இயங்கிவந்தது. அது பிறந்த கதையை அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு பெரிய அதிகாரி மலையிலிருந்து இறங்கும்போது எதிரே வந்த ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம் அவர் கண்ணில் பட்டுவிட்டதாம். கண்ணைக் கசக்கிக்கொண்டே அவர் போட்ட கையெழுத்தில் அலகு உண்டானது. கண் சரியான பிறகு அவர் அதை மறந்துபோனார். அலகு மறக்கவில்லை. கிடங்கிலிருந்து புளி போய்விட்டாலும் வாசனை போகவில்லை; அங்கிருந்து வருகிற எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் வாயில் எச்சில் ஊறும்.

முதுநிலை ஒளி ஆய்வாளர் இளஞ்செழியன் காரின் முன்னால் வந்து நின்றார். சட்டை மடிப்பு கத்திபோல் நின்றது. பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று அந்தப் பேனா தொலைந்தால் யார் எடுத்தார்கள் என்று எழுத. அவர் விளக்கைப் பார்க்கவில்லை. பிச்சைமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

“பல்ப மாத்தியிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“எதுக்கு?”

“வளைவு தெரியணுங்க.”

“இருபது வருஷமா வண்டி ஓட்டறவரு. வளைவு எங்க இருக்குன்னு தெரியாதா?”

“வளைவு அங்கயேதான் இருக்குங்க. மாடு இன்னிக்கு எங்க நிக்கிதுன்னு தெரியாது.”

ஆய்வாளர் முதல் பேனாவைத் திறந்து, ‘மாடுகளைக் கண்காணித்துவருகிறார்’ என்று எழுதிக்கொண்டார்.

பிச்சைமுத்துவுக்கு ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. அதன் பெயர் பார்வை நோக்கப் படிவம். புதிய விளக்கின் உதவியால் பார்க்க விரும்பும் பொருள்கள், அவற்றின் உரிமையாளர், பார்த்த பின் அவற்றை என்ன செய்வதாக உத்தேசம் என்று மூன்று கட்டங்கள். நிர்மலா டீச்சர்தான் காரின் பானட்மேல் வைத்துப் பூர்த்தி செய்தார். சாலை, அரசு, அதன்மேலேயே போவதாக உத்தேசம். பதில் மிகவும் சுருக்கமாக இருப்பதால் சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்று ஆய்வாளர் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட ராஜாம்பாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் மேஜைக்குக் கீழே இருக்கும் கையைப் பார்க்கிறவள். “அந்த ஆளு இன்னாமோ எதிர்பாக்கறான், கையில ஒன்னும் எடுத்துக்கினு போவாம போய் நின்னா?” என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். முதலில் பழம்; பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

வாழைப்பழத்தைக் கண்டதும் இளஞ்செழியன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது.

“நான் யாருகிட்டயும் கை நீட்டுனது இல்ல. சந்தேகப்படறதுல ஏழை, பணக்காரன், தெரிஞ்சவன், தெரியாதவன்னு நான் பாக்கறதே இல்ல. எங்க வூட்டுலயே கேட்டுப் பாருங்க. காப்பி கொண்டாந்து வெச்சாக்கூட, இன்னிக்கு எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் குடிப்பேன். அதனாலதான் இந்த நாற்காலியில என்ன உக்கார வெச்சிருக்காங்க.”

வாழைப்பழம் சாட்சிப் பொருளாக ஏற்கப்பட்டது. அதற்கு நூல் கட்டி, எண் எழுதிய அட்டை தொங்கவிட்டு, கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கேயே அது பழுத்துக் கறுத்து ஒழுகியது. பிச்சைமுத்து போகும்போதெல்லாம் அதைப் பார்த்தார். லஞ்சம் வாங்குகிற ஆளாக இருந்திருந்தால் இதற்குள் ஒரு வழி பிறந்திருக்கும். நேர்மையான ஆளிடம் எந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

விளக்கின் பிரகாசத்தை அளக்கும் சோதனைக்கு ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள். பகல் பன்னிரண்டு மணி, கிடங்கின் முன்வாசல். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த நேரத்தில் வெளிச்சத்தை எப்படிச் சார் பார்ப்பீர்கள் என்று பிச்சைமுத்து கேட்டுவிட்டார். அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து வரை என்றும், இருட்டு அலுவலக நேரத்துக்குள் வருவதில்லை என்றும், அது இருட்டின் குறையே தவிர அலுவலகத்தின் குறை அல்ல என்றும் ஆய்வாளர் விளக்கினார்.

காருக்கு எதிரே இருபத்தைந்தடி தூரத்தில், கைவைத்த நாற்காலி ஒன்றில், ஒட்டிய கன்னங்களோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் தமிழழகன். பதவி கண் கூசுநர், நிலை இரண்டு. வண்டியின் விளக்கைப் போட்டதும் நேராக அதைப் பார்த்து, கண் கூசுகிறதா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. அளக்கும் கருவி வாங்குவதற்கான கோப்பு, கருவி எதற்கு என்ற கேள்வியோடு திரும்பிவந்துவிட்டதால் அந்தப் பணியிடத்தை உருவாக்கியிருந்தார்கள்.

பிச்சைமுத்து விளக்கைப் போட்டார். தமிழழகன் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா, கூசுதா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“கூசுது சார். ஆனா விளக்கா வெயிலான்னு பிரிச்சு சொல்ல வரல.”

‘கூச்சம் உறுதியாகிறது, மூலம் விசாரணையில் உள்ளது’ என்று பதிவானது.

அடுத்து நிறம். அலகிடம் அனுமதிக்கப்பட்ட நிறங்களின் அட்டவணை ஒன்று இருந்தது. தலைமையிடத்திலிருந்து அதை வண்ணத்தில்தான் அனுப்பியிருந்தார்கள். இங்கே அசல் பழுதாகிவிடக்கூடாது என்று அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டும் சாம்பல். ஆய்வாளர் அதை எரியும் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இந்த மஞ்சள் எந்தச் சாம்பலோடும் ஒத்துப்போகவில்லை என்று கண்டறிந்தார். பூட்டிவைத்த அசலைத் திறந்து பார்க்கலாமே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததைப் பிச்சைமுத்து விழுங்கிக்கொண்டார். கேட்டால் அசலில் என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

ஆய்வாளர் உள்ளே போனதும் பிச்சைமுத்து நாற்காலிக்காரருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தக் கை பாட்டிலுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. மறுபடியும் துழாவியது. பிச்சைமுத்து பாட்டிலைக் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

தமிழழகன் ரகசியமாகப் பேசினார். நாலு வருஷத்தில் ஆயிரத்து எண்ணூறு வண்டிகளைப் பார்த்தாகிவிட்டது. முதல் வருஷம் கூசியது. இரண்டாவது வருஷம் வலித்தது. இப்போது எல்லாம் ஒரே வெளுப்பு. விளக்குப் போட்டார்களா என்பதையே சுவிட்சின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார். வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

“கண்ணே தெரியலன்னா எப்படிய்யா கூசும்னு கேப்பாங்கண்ணே. ரெண்டு பொட்டப் புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குதுங்க.”

“சாருக்குத் தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சதா எழுதினா, இத்தினி நாளு எழுதினதெல்லாம் இன்னான்னு கேப்பாங்கல்ல. அதனால அவரு தெரியாத மாதிரி இருக்காரு. நானும் தெரியற மாதிரி இருக்கேன்.”

அன்றிலிருந்து பிச்சைமுத்து அவர் நாற்காலிக்குத் தினமும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

சோதனை முடிந்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தது பிச்சைமுத்துவின் தப்பு. மஞ்சளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி பாக்கி இருந்தது. இந்தப் பக்கத்தில் மஞ்சள் என்றால் ஓர் அர்த்தம், நீலம் என்றால் ஓர் அர்த்தம், சிவப்பு என்றால் ஓர் அர்த்தம் என்று ஆய்வாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அப்படியானால் வெள்ளையே போட்டுவிடுகிறேன் என்றார் பிச்சைமுத்து. வெள்ளை என்றால் தன் நிறத்தை மறைக்கிறார் என்று அர்த்தம். அது இன்னும் மோசம். கடைசியில், விளக்கின் நிறத்தில் தனக்கு எந்த உள்நோக்கமும் இல்லை என்று ஓர் உறுதிமொழியும், எதிரே வந்த ஐந்து ஓட்டுநர்களிடமிருந்து கண் கூசவில்லை என்று கையெழுத்தும் வாங்கிவரச் சொன்னார்கள்.

மேகம் மூடிய மலைப்பாதையில் எதிரே வருகிற வண்டியைக் கையைக் காட்டி நிறுத்திக் கையெழுத்துக் கேட்பது எப்படிப்பட்ட வேலை என்பது கேட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு பஸ் டிரைவர் நிறுத்தவே இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த ஒருவர் இது ஏதோ குழுக் கடனுக்கு ஜாமீன் என்று நினைத்து, படிக்கத் தெரியாது என்றார். அவர் கையில் செய்தித்தாள் இருந்தது. வெள்ளிமலை ஜீப் டிரைவர் கொளஞ்சியப்பன் போட்டார். போட்டுவிட்டு அடுத்த மூன்று நாளும் காரை மறித்து, அந்தக் கையெழுத்தைத் திருப்பிக் கொடு, என் பெண்டாட்டிக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று கேட்டார். எட்டு நாளில் எப்படியோ ஐந்து சேர்ந்தது. ஆய்வாளர் ஐந்தையும் படித்துப் பார்த்துவிட்டு, கூசவில்லை என்று சொல்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கலாம் என்றார்.

கோப்பு முடிவாகும்வரை விளக்குகளுக்கு முத்திரை வைக்க உத்தரவானது. காக்கித் துணியைச் சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். காரைப் பார்த்தால் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஆள் மாதிரி இருந்தது.

வண்டியை நிறுத்திவைக்கலாம் என்றால் சவாரி போய்விடும். பிச்சைமுத்து ஓட்டினார். வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில். நிர்மலா டீச்சர் முன்சீட்டுக்கு வந்து, ஜன்னல் வழியாகத் தலையையும் செல்போன் வெளிச்சத்தையும் வெளியே நீட்டி, பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மற்ற இரண்டு டீச்சர்களும் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். நிர்மலா டீச்சர் ஏன் மாறவில்லை என்று பிச்சைமுத்து கேட்கவில்லை. கேட்டிருந்தால், இவ்வளவு தூரம் வந்தபிறகு இது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் விடுவதில்லை என்று சொல்லியிருப்பார்.

ஆனால் பிச்சைமுத்துவின் குணம் மாறிக்கொண்டிருந்தது. டீக்கடையில் யாராவது நலம் விசாரித்தால் எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். வீட்டில் ராஜாம்பாள் சுவிட்சைப் போட்டால், இப்போது என்ன பார்க்கப் போகிறாய் என்று வாயில் வந்துவிட்டது. அவள் குழம்புக் கரண்டியோடு திரும்பி, “உப்பு எங்க இருக்குதுன்னு பாக்கப் போறேன். அதுக்கும் படிவம் இருக்குதா?” என்றாள்.

கார்த்திகையில் அலகு, ஒளி விழிப்புணர்வு வாரம் கொண்டாடியது. தொடக்க விழா வெள்ளிமலையில், காலை ஒன்பதரைக்கு. ஆய்வாளரும் தமிழழகனும் அலகின் ஜீப்பில் புறப்பட்டார்கள். அந்த ஜீப்புக்கு முகப்பு விளக்கே கிடையாது. பல்பு போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாற்றுவதற்கு அலகின் அனுமதி வேண்டும். தன் வண்டிக்குத் தானே அனுமதி கொடுப்பது முறையாகாது என்பதில் இளஞ்செழியன் உறுதியாக இருந்தார்.

பத்தாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பிச்சைமுத்துவின் கார் அந்த ஜீப்பின் பின்புறத்தில் மெதுவாக முட்டி, வலப்பக்கம் விலகி நின்றது. மேகம் அப்படி. ஜீப் டிரைவர் பயந்துபோய் ரோட்டில் குந்தியிருந்தார். ஆய்வாளர் கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே வந்து யார் என்று கேட்டார். பிச்சைமுத்து பெயரைச் சொன்னதும், இங்கே எப்படி வந்தீர்கள் என்றார். மேலேயிருந்து ஏதோ ஒரு லாரி இறங்கும் சத்தம் கேட்டது. முதலில் லேசாக. அடுத்த வளைவு தாண்டியதும் பலமாக. ரோட்டை அடைத்துக்கொண்டு இரண்டு வண்டி நிற்பது அந்த லாரிக்காரனுக்குத் தெரிய வழியே இல்லை.

பிச்சைமுத்து ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி அது மலையெல்லாம் பட்டுப் பட்டுத் திரும்பியது. லாரி நிற்கவில்லை.

“போடுய்யா லைட்ட,” என்றார் ஆய்வாளர்.

“சீலு இருக்குதுங்க சார். எழுத்துல குடுத்தீங்கன்னா…”

பிச்சைமுத்து அதை வேண்டுமென்று சொல்லவில்லை. ஒரு மாதப் பழக்கம் அவர் வாயில் வந்து பேசியது. ஆனால் ஆய்வாளர் அதற்குள் காரின் முன்னால் மண்டியிட்டு, அரக்கை நகத்தால் பெயர்த்து, காக்கித் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து சுவிட்சைத் தட்டினார்.

மஞ்சள் வெளிச்சம் மேகத்துக்கு அடியில் பாய்போல விரிந்தது. எதிரே முப்பதடியில் மரம் ஏற்றிய லாரி கிறீச்சிட்டுக்கொண்டு நின்றது. லாரிக்காரன் இறங்கி வந்து யாரையும் திட்டாமல் பீடி பற்றவைத்தான். அப்போதுதான் எல்லோரும் கீழே பார்த்தார்கள். ஜீப்பின் இடதுபக்கப் பின்சக்கரத்தில் பாதி ரோட்டிலும் பாதி ஒன்றுமில்லாத இடத்திலும் இருந்தது.

ஆய்வாளர் நெடுநேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்தார். பிறகு ஜீப்பை விட்டுவிட்டு, தமிழழகனோடு காரில் ஏறி, நிர்மலா டீச்சரின் பக்கத்தில் வாய் பேசாமல் வெள்ளிமலைவரை வந்தார்.

விழா மேடையில் அவருக்கு வாய் திரும்பிவிட்டது. எதிரே சாமைக் கதிர் அறுப்பை விட்டுவிட்டு வந்த சனங்களும், பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக நின்ற பிச்சைமுத்து, இந்த ஆள் ஏதாவது நல்லதாகச் சொல்லக்கூடும் என்று ஒரு நிமிஷம் நம்பினார்.

“வெளிச்சம் ஒரு கெட்ட பழக்கம்,” என்று இளஞ்செழியன் மைக்கில் ஆரம்பித்தார். “முதலில் ரோட்டைப் பார்ப்பான். ரோட்டைப் பார்த்தவன் ரோட்டில் இருக்கும் குழியைப் பார்ப்பான். குழியைப் பார்த்தவன் அதை யார் போட்டது என்று கேட்பான். இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நான்கு ஆண்டில் இந்த மலைப்பாதையில் ஒரு குழியைப் பற்றியும் ஒரு புகார்கூட வரவில்லை. இதுதான் எங்கள் அலகின் சாதனை.”

சனங்கள் கைதட்டினார்கள். விழா முடிந்தால் சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள்.

நான்காம் நாள் பிச்சைமுத்துவுக்குப் புளி வாசனையோடு ஓர் அறிவிப்பு வந்தது. அரசு முத்திரை உடைக்கப்பட்டிருக்கிறது. உடைந்த முத்திரை என்று ஒன்று இருந்தால் உடைத்த கை என்று ஒன்று இருந்தாக வேண்டும். விளக்கின் பயன் யாருக்கோ, அவருடைய கையாகவே அது கருதப்படும். பத்து நாளில் விசாரணை. நிரூபணமானால் வண்டியின் உரிமம் ரத்து.

பிச்சைமுத்து அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுபடி கரும்பு லாரிக்குப் போக இடுப்பு ஒத்துக்கொள்ளாது. ராஜாம்பாள் வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் அந்தக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. போனால் போகிறது என்று அவள் சொல்லவில்லை. “உண்மையச் சொல்லு. எவனும் நம்பலன்னாலும் சொல்லிட்டு வா,” என்றாள்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ராமசாமி என்ற ஓய்வுபெற்ற அதிகாரி வந்தார். காதோரம் நரைத்த, தூக்கம் கலையாத முகம். பிச்சைமுத்து நடந்ததைச் சொன்னார். அதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். நிர்மலா டீச்சர் எழுந்தார். சம்பவத்தின்போது அதே விளக்கின் வெளிச்சம் இந்த அம்மையார் மீதும் பட்டிருப்பதால் இவர் வெளிச்சத்தின் பயனாளி, சாட்சியாக ஏற்க இயலாது என்று இளஞ்செழியன் ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. அலகின் ஜீப் டிரைவர் அன்று குந்தியபடி முகத்தை முழங்காலில் புதைத்திருந்ததாகச் சொல்லிவிட்டார்.

மிஞ்சியது தமிழழகன். ஆய்வாளரே அவரை அழைத்தார். முகத்தில் கவலையே இல்லை.

ராமசாமி கேட்டார்: “அன்னிக்கு நீங்க எதுனா பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்று சொன்னால் அந்த மனிதருக்கு வேலை போய்விடும் என்பது பிச்சைமுத்துவுக்குத் தெரியும். பார்த்தேன் என்று சொல்வதானால் யார் கை என்று சொல்லவேண்டும். அதிகாரிக்கு எதிராகச் சொன்னாலும் வேலை போய்விடும். தனக்காக எதுவும் சொல்லவேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினார். அது யாருக்குத் தெரியப் போகிறது என்று பிறகுதான் உறைத்தது.

தமிழழகன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“பாத்தேங்க ஐயா. நல்லா தெரிஞ்சுது. சீல உடைச்சது எங்க ஆய்வாளர் ஐயாதான். பல்லால கடிச்சுத் துணியக் கிழிச்சாரு.”

“இவனுக்கு எப்படிய்யா தெரியும்,” என்று இளஞ்செழியன் பாய்ந்து எழுந்தார். “இவனுக்குத்தான்…”

அங்கே நின்றுவிட்டார். மேஜைமேல் ஆயிரத்து எண்ணூறு சோதனை அறிக்கைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் தமிழழகனின் கண்ணும் இளஞ்செழியனின் கையெழுத்தும் இருந்தன.

“இவருக்குத்தான்?” என்றார் ராமசாமி, முதல்முறையாகத் தூக்கம் கலைந்து.

“இவருக்குத்தான் நல்ல பார்வை,” என்று சொல்லி இளஞ்செழியன் உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. அதிகாரி தன் கடமையின்போது உடைத்தால் அது உடைத்தல் ஆகாது, திறத்தல் ஆகும். திறந்தபின் அந்த விளக்கில் அரசு அலுவலர்கள் பாதுகாப்பாகப் பயணம் செய்திருப்பதால் விளக்கு ஆட்சேபணைக்குரியது அல்ல. பிச்சைமுத்து மீது நடவடிக்கை இல்லை. இந்த மலைப்பாதையில் ஒளி முழுவதுமாக ஒழுங்குபடுத்தப்பட்டுவிட்டதால், அலகு தன் நோக்கத்தை அடைந்துவிட்டது. அதன் அனுபவத்தை அடுத்த பணிக்குப் பயன்படுத்த வேண்டும்.

அன்று ராஜாம்பாள் கறிக்குழம்பு வைத்தாள். பஸ்ஸுக்குப் போன இரண்டு டீச்சர்களும் திரும்பிவந்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் கார் மலை ஏறியது. பசுக்கள் தூரத்திலேயே தெரிந்தன. அடிவாரத்தில் கிடங்கு பூட்டிக்கிடந்தது. பிச்சைமுத்துவுக்கு இரண்டு வாரம் யார் மீதும் சந்தேகம் வரவில்லை.

மார்கழியில் கிடங்கு திறந்தது. பெயர்ப்பலகையில் புதுச் செலவு ஒன்றும் வைக்கவில்லை. ஒரே ஓர் எழுத்தில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தார்கள். ‘மலைச்சாலை ஒலிக் கண்காணிப்பு அலகு.’ பத்தாவது வளைவில் அன்று கேட்ட ஹாரன் சத்தத்தைப் பற்றி ஆய்வாளர் அனுப்பிய நீண்ட அறிக்கையை மேலே மிகவும் பாராட்டினார்களாம். இளஞ்செழியனுக்குப் பதவி உயர்வு. வருகிற ஒவ்வொரு வண்டியும் கிடங்கின் முன்னால் நின்று ஹாரன் அடித்துக் காட்டவேண்டும். எதிரே, ஐந்தடி தூரத்தில், அதே கைவைத்த நாற்காலியில் தமிழழகன் உட்கார்ந்திருந்தார். வேலை போகவில்லை. காது கூசுநர், நிலை ஒன்று.

பிச்சைமுத்து முதல்நாள் அந்த வரிசையில் நின்றபோது முன்னால் ஒரு கரும்பு லாரி அடித்த அடியில், தமிழழகன் இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதைப் பார்த்தார். காதைப் பொத்த அவருக்கு அனுமதி இல்லை. கண் போனபின் மிச்சம் இருந்தது அந்தக் காது ஒன்றுதான்.

பிச்சைமுத்துவின் முறை வந்தது. நிர்மலா டீச்சர் அவரைப் பார்த்தார். பிச்சைமுத்து ஹாரனிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, என்ஜின் சத்தம்கூட எழாதபடி காரை மெதுவாக உருட்டி, அந்த நாற்காலியைக் கடந்தார்.

சிவப்புக் கொடி குறுக்கே விழுந்தது.

இளஞ்செழியன் ஓட்டமாக வந்து ஜன்னலில் குனிந்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் முழுக்கத் திரும்பியிருந்தது. “எல்லாரும் அடிக்கிறான். நீங்க மட்டும் அடிக்காம போறீங்க. யாருக்குத் தெரியக் கூடாதுன்னு போறீங்க?”

பிச்சைமுத்து வாய் திறக்கவில்லை. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்து, அந்த மௌனம் எத்தனை விநாடி நீடித்தது என்று குறித்துக்கொண்டார்.